'மேட்ச் ஃபண்டிங்': இணைநிதியா, ஈடுநிதியா, வேறா?

> 'இணைநிதி' என்றே வைத்துவிடலாமே, எதற்கு இவ்வளவு யோசனை?

ஐயா, மானியம் தருபவர் செலவின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, மீதியை வேறு வழியில் காட்டச் சொல்வதுதான் 'மேட்ச் ஃபண்டிங்'. அதற்குத் தமிழ்ச்சொல் 'இணைநிதி' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. மானிய விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இடறியது.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்டது வேல்ஸில் உள்ள கௌவர் தீபகற்பம். 1956-இல் பிரிட்டனிலேயே முதன்முதலாக 'சிறப்புமிகு இயற்கை எழில் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட இடம். 2023-இலிருந்து இத்தகைய பகுதிகளை 'தேசிய நிலக்காட்சி' என்கிறார்கள். ('நிலக்காட்சி' சரிதானா என்பது தனிச் சண்டை, இன்னோர் இழையில் போடுவோம்.) காடு மாதிரி வேலியடைத்துக் காப்பது இல்லை, வயலும் ஆட்டுமந்தையும் ஊரும் உள்ளேயே இருக்கின்றன. அங்கே ஊர்க்குழுக்களின் சிறு திட்டங்களுக்கு 'நீடித்த வளர்ச்சி நிதி' என்று ஒன்று உண்டு. பணம் வேல்ஸ் அரசுடையது. ஆனால் செலவு முழுவதையும் அது ஏற்பதில்லை. ஒரு பகுதியை வேறு வழியில் காட்ட வேண்டும். அதுதான் நம் 'மேட்ச்'.

சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய பழைய வயல்சுவர் ஒன்று சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் பெரிய கல், நடுவே சல்லியை இறுக்கி அடைக்க வேண்டும், கைவேலை. மதிப்பீடு 4,000 பவுண்டு, நிதி தருவது 3,000. மீதி 1,000-க்கு ஊரார் ஐந்து பேர் நான்கு சனிக்கிழமை கல் அடுக்குகிறார்கள். 20 ஆள்நாள், நாளுக்கு 50 பவுண்டு, கணக்கு சரி. இதில் ஒரு பவுண்டுகூடக் கைமாறவில்லை. இதை எப்படி 'நிதி' என்பது?

'ஈடுநிதி' என்றால் நம் ஆட்கள் நகையை ஈடு வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். 'சரிநிகர் நிதி' பாதிக்குப் பாதி என்றாகிவிடும். இங்கே மூன்றுக்கு ஒன்று.

ஏரி, கால்வாய்களை ஊராரே சேர்ந்து செப்பனிடும் நம் குடிமராமத்தைப் பாருங்கள். 2017-இல் தமிழக அரசு அதை மீண்டும் தொடங்கியபோது விவசாயிகள் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரலாம் என்றார்கள். அங்கே யாரும் நிதி என்று சொல்லவில்லை, 'பங்களிப்பு' என்றார்கள். ஆகவே என் முன்மொழிவு: தன்பங்கு.

---

> என் முன்மொழிவு: தன்பங்கு

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,000 பவுண்டை வேறோர் அறக்கட்டளை கொடுத்தால்? அதுவும் மேட்ச்தான், ஆனால் 'தன்' இல்லையே. அலுவலகத்தில் இத்தகைய விண்ணப்பங்களைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பாதிக்கு மேல் அப்படித்தான் வரும். 'குடிவாரம்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். அது விளைச்சலில் எடுத்துக்கொள்ளும் பங்கு, போடும் பங்கு இல்லை. 'உடன்பங்கு' எப்படி? யார் போட்டாலும் பொருந்தும்.

---

சரி அம்மா, தன்பங்கு விழுந்தது. அறக்கட்டளைப் பணம் எனக்குத் தோன்றவே இல்லை.

உடன்பங்கைப் படிவத்தில் போட்டுப் பார்த்தேன்: 'உடன்பங்கு (பணம்)', 'உடன்பங்கு (உழைப்பு)', 'உடன்பங்கு (பொருள்)'. மூன்று கட்டத்திலும் உறுத்தாமல் உட்காருகிறது. ஊர்க்கூட்டத்தில் 'உங்கள் உடன்பங்கு எவ்வளவு?' என்று கேட்டாலும் புரியும். கலைச்சொல் பட்டியலில் இதையே ஏற்றுகிறேன். பன்மைக்கு 'உடன்பங்குகள்' வேண்டுமா, ஒருமையே போதுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.