சேவல் போன பிறகும் குஞ்சு பொரிந்த கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பாகூரில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே சேவல். ஆடியில் அத்தை அதை முனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்டதாகச் சொல்லி அறுத்துவிட்டார். பெட்டைக்கோழி மறுநாளும் முட்டை இட்டது. முட்டையில் பென்சிலால் தேதி எழுதுவது என் வழக்கம். 15 நாளில் 11 முட்டை சேர்ந்து, கோழியும் அடைக்கு உட்கார்ந்தது. "எல்லாம் கூமுட்டைதான் அத்தை, ஆம்லெட் போட்டுடலாம்" என்றேன். அவர் கேட்கவில்லை. ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு! 21ஆம் நாள் 8 குஞ்சுகள். கூமுட்டையாகப் போன மூன்றில் இரண்டு, கடைசி நாட்களில் இட்டவை.

பக்கத்து வீட்டுச் சேவலுக்கு வழியே இல்லை, சுற்றிலும் வலை. கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். முட்டைக்குழாயில் ஓடு உருவாகும் பகுதிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழல்கள் இருக்கின்றனவாம். விந்தணுக்கள் அதில் கோழிக்கு இரண்டு மூன்று வாரமும், வான்கோழிக்கு இரண்டு மாதத்துக்கு மேலும் உயிரோடு தங்குமாம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். மஞ்சள் கரு விழுந்து, வெள்ளைக்கரு சுற்றுவதற்குள் கால் மணி நேரம்தான். அதற்குள் சேர்ந்தால்தான் கரு. அதன் பிறகு ஓடு ஆவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: அக்கா, நான் வேறொன்று பார்த்தேன். முட்டை இடுகிற கோழியை அறுத்தால் மஞ்சள் கருக்கள் பெரிதும் சிறிதுமாகத் திராட்சைக் கொத்து போலத் தொங்கும். எப்போதும் இடது பக்கம்தான்! குஞ்சு முட்டைக்குள் கருவாக இருக்கும்போது சூலகமும் முட்டைக்குழாயும் இரண்டு பக்கமும் தொடங்கி, பெட்டையில் வலது பக்கம் ஹார்மோனால் சுருங்கிவிடுகிறது. இன்னும் முட்டையிடாத விடைக்கோழியில் குழாய் வெறும் நூல் மாதிரி இருக்கும். முட்டையிடத் தொடங்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி, இரண்டடிக்கு மேல் தடித்து நீளும். அடைக்கோழியில் மறுபடி சுருங்கிப்போகும். ஒரே ஞாயிற்றுக்கிழமை விடைக்கோழியின் குழாயையும் முட்டையிடும் கோழியின் குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே உறுப்பு என்று நம்ப முடியவில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: விந்து இப்படி உள்ளே தங்கும் என்று தெரியாமல் நான் ஒரு வருடம் வீணாக்கினேன். நாட்டுச் சேவலை விற்ற நான்காம் நாள் அசில் என்ற சண்டைக்கோழி இனச் சேவலை விட்டு, அந்த வார முட்டைகளையே அடைக்கு வைத்தேன். குஞ்சுகள் வளர வளரத்தான் பாதி பழைய சேவலின் வார்ப்பு என்று புரிந்தது. புதுச் சேவலின் விந்துக்குத்தான் பெரும்பாலும் முன்னுரிமை, ஆனால் பழையது முழுசாகப் போயிருக்காது. இனத்தைச் சுத்தமாக வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து மூன்று வாரமாவது காத்திருங்கள்.

பாகூர்: நன்றி அண்ணா. ஐப்பசியில் புதுச் சேவல் வாங்கப் போகிறேன். அதிலிருந்து தேதியோடு சேவலின் நிறத்தையும் முட்டையில் எழுதிவிடுகிறேன்.