என் தகவலை வைத்தே எனக்குச் சந்தா விலை போட்டிருக்கிறார்கள், இது சட்டப்படி சரியா?

குயின்ஸ்வாசி:
நியூயார்க்கில் இருக்கிறேன். ஒரு செய்தி ஆப்புக்கு (பெயர் வேண்டாம்) நாலு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். போன வாரம் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது, விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரி, எல்லாமேதான் ஏறுகிறது என்று விட்டிருப்பேன், ஆனால் அடியில் பொடி எழுத்தில், உங்கள் தனிப்பட்ட தகவல்களைப் பயன்படுத்தி ஒரு அல்காரிதம் இந்த விலையை முடிவு செய்தது என்று ஒரு வாசகம். இதே ஆப் வைத்திருக்கும் மச்சானைக் கேட்டால் அவருக்கு விலையும் ஏறவில்லை, அந்த வாசகமும் இல்லை. என்னைப் பற்றி அப்படி என்ன தெரிந்துகொண்டார்கள்?

கணக்குப்பிள்ளை:
அந்த வாசகத்தை அவர்கள் ஆசைப்பட்டு எழுதவில்லை, நியூயார்க் மாநிலச் சட்டம் எழுத வைத்தது. 2025 மே மாதம் கையெழுத்தானது. சில்லறை வணிகர் கூட்டமைப்பு பேச்சுரிமையைக் காட்டி வழக்குப் போட்டது, அக்டோபரில் நீதிபதி ஜெட் ராக்காஃப் தள்ளுபடி செய்தார், நவம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. மீறினால் ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் வரை அபராதம். ஆனால் சொல்லிவிட்டு ஏற்றலாம், ஏற்றாதே என்று சட்டத்தில் இல்லை. அப்புறம், இருக்கிற சந்தாதாரருக்கு ஒப்பந்த விலையைவிடக் குறைத்துக் கொடுத்தால் அந்த வாசகம் போடத் தேவையில்லை. அதனால் மச்சானுக்கு வாசகம் வரவில்லை என்பதற்காக அவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

உப்புக்கல்:
இதில் என்ன புதுசு? ஊரில் காய்கறிக்காரர் ஆள் பார்த்து விலை சொல்வதில்லையா, மாணவருக்குச் சலுகை என்றால் வாங்கிக்கொள்கிறோம் இல்லையா?

பின்கட்டு:
@உப்புக்கல் காய்கறிக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், நானும் அவர் முகத்தைப் பார்க்கிறேன், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன விலை சொன்னார் என்பதும் காதில் விழுகிறது. இங்கே எதுவும் விழாது.
ஒரு சந்தா நிறுவனத்தில் விலைப் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தேன், அதனால் சொல்கிறேன். உங்கள் சம்பளத்தைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில்: விலை ஏறினால் இவர் விலகுவாரா? தினமும் காலையில் திறக்கிறீர்களா, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இதற்கு முன் ஏற்றியபோது முணுமுணுக்காமல் கட்டினீர்களா, எந்தப் போன், எந்தப் பகுதி, இவை போதும். நாலு வருடம் தவறாமல் படித்த ஆள் எங்கள் கணக்கில் 'ஓடமாட்டார்'. மாதம் இரண்டு தடவை எட்டிப் பார்க்கும் மச்சான் 'ஓடிவிடுவார்', அவரைப் பிடித்துவைக்கத்தான் விலைச் சலுகை. விசுவாசத்துக்குத் தண்டனை என்று நாங்களே கிண்டல் செய்துகொள்வோம்.

மாடிப்படி:
டேட்டிங் ஆப் டிண்டரின் கதை தெரியுமா? 2015ல் அதன் கட்டணச் சேவையான டிண்டர் பிளஸ் வந்தபோது அமெரிக்காவில் 30 வயதைத் தாண்டியவருக்கு மாதம் 19.99 டாலர், இளசுகளுக்கு 9.99 அல்லது 14.99. வழக்கு போனது. 2018ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி வயதை வைத்துப் பாகுபாடு காட்டுவது அந்த மாநிலத்தின் உன்ரூ சட்டத்துக்கு (பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) ஆகாது என்று, கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியான வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஐரோப்பாவில் 2022 மே முதல், தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை வைத்தால் சொல்லியாக வேண்டும். டிண்டரும் 2024ல் அப்படிச் சொல்வதாக ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. ஆனால் வயது, இனம், பாலினம் என்றால்தான் நீதிமன்றம் நிமிர்ந்து உட்காரும். 'தினமும் படிக்கிறவர்' என்ற சாதிக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்புத் தரவில்லை.

உப்புக்கல்:
சரி, காய்கறிக்காரர் உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன். மாணவர் சலுகையை விடமாட்டேன், அது எல்லோருக்கும் தெரிந்த விலை.

பின்கட்டு:
@குயின்ஸ்வாசி ரத்து பட்டனை அழுத்திப் பாருங்கள். நிஜமாகவே ரத்தானாலும் பரவாயில்லை என்ற மனதோடு.

குயின்ஸ்வாசி:
அழுத்தினேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டது, 'விலை' என்றேன், இரண்டு பக்கம் கெஞ்சியது, மூன்றாவது பக்கத்தில் நான் இதுவரை கட்டியதைவிட ஒரு டாலர் குறைவாக ஒரு விலை வந்து நின்றது. @கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரியே அந்தப் பக்கத்தில் எந்த வாசகமும் இல்லை, பொடி எழுத்தைப் பெரிதாக்கிக்கூடத் தேடிவிட்டேன். எடுத்துக்கொண்டேன், மறைக்கவில்லை. இப்போது மச்சான் என்னைவிட அதிகம் கட்டுகிறார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.