‘யூ ரியலி காட் மீ’: பேரு கிழிஞ்ச ஸ்பீக்கருக்கு மட்டும்தானா?

கம்பிக்காரன்:
1964ல கிங்க்ஸ்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டு போட்ட இந்த சிங்கிள்ல சவுண்டுதான் பாட்டே. அவங்க கிடாரிஸ்ட் டேவ் டேவிஸுக்கு அப்ப 17 வயசு, எல்பிகோன்னு ஒரு சின்ன ஆம்ப் (கிடார் சத்தத்தை பெருக்கற பெட்டி) வச்சிருந்தான், அதோட ஸ்பீக்கர் கோனை பிளேடால கீறிட்டு அதை வாக்ஸ் ஏசி30ங்கிற பெரிய ஆம்ப்ல சொருகி வாசிச்சான், அந்த கரகரப்பு அப்படி வந்ததுதான். பெடல் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டு ஃபஸ் பெடலோட (கிடாரை கரகரன்னு ஆக்கற பெடல்) வந்ததே 1965லதான்.

பழைய ரெக்கார்டு:
ப்ரோ, 1958லயே அமெரிக்க கிடாரிஸ்ட் லிங்க் ரே பென்சிலால ஸ்பீக்கரை குத்தி ஓட்டை போட்டாச்சு. அதை விடுங்க, இந்த ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற அந்த சின்ன துண்டு) டேவோட அண்ணன் ரே டேவிஸ் முதல்ல போட்டது பியானோல. அதாவது ஆம்புக்கு முன்னாடியே பாட்டு இருந்துச்சு. ஜி சுருதில ஆரம்பிச்ச அதே ரிஃப் ஏக்கு ஏறி அங்கேருந்து டிக்கு தாவுது பாருங்க, நெஞ்சு படபடக்கிறதே அதனாலதான்.

கம்பிக்காரன்:
பாட்டு மட்டும் போதும்னா முதல்ல எடுத்த ஸ்லோ வெர்ஷனையே விட்டிருக்கலாமே? அது வேணாம்னு அடம்பிடிச்சுதானே ஐபிசி ஸ்டுடியோல தயாரிப்பாளர் ஷெல் டால்மி கூட உக்காந்து திரும்ப எடுத்தாங்க.

பழைய ரெக்கார்டு:
சரி, அந்த ரெண்டாவது தடவை டிரம்ஸ் யாரு? செஷன் ஆளு (காசு வாங்கிட்டு ரெக்கார்டிங்ல வாசிக்கிறவரு) பாபி கிரஹாம். சொந்த டிரம்மர் மிக் அவோரி கையில டாம்பரின் குடுத்துட்டாங்க, பாவம். அந்த அடி இல்லாம உங்க கிழிஞ்ச ஸ்பீக்கர் என்ன பண்ணியிருக்கும்?

நைட் ஷிப்ட்:
ரெண்டு பேரும் மெயின் மேட்டரை விட்டுட்டீங்க, நடுவுல வர்ற கிடார் சோலோ ஜிம்மி பேஜ் வாசிச்சது, பின்னாடி லெட் செப்பலின் ஆரம்பிச்சாரே, அப்ப செஷன் கிடாரிஸ்ட்டா இருந்தாரு.

கம்பிக்காரன்:
இது எப்ப பாத்தாலும் வரும். பேஜே நான் இல்லன்னுட்டாரு, டால்மியும் டேவ்தான்னு சொல்லிட்டாரு. சோலோவை கேளுங்க பாஸ், தடுமாறி பிச்சு எறியற மாதிரி இருக்கு, செஷனுக்கு காசு வாங்கிட்டு வர்றவன் அப்படியா வாசிப்பான்?

நைட் ஷிப்ட்:
மத்த கிங்க்ஸ் ரெக்கார்டிங்ல பேஜ் இருந்தாருல்ல?

பழைய ரெக்கார்டு:
முதல் ஆல்பத்துல கொஞ்சம் ரிதம் கிடார் வாசிச்சாரு, வதந்தி கிளம்பினது அதுலேருந்துதான். இதுல நான் கம்பிக்காரன் பக்கம், இந்த ஒரு விஷயத்துல மட்டும்.

கம்பிக்காரன்:
மோனோ சிங்கிளை சத்தமா வச்சு கேளுங்க தல. அந்த டிஸ்டார்ஷன்ல முழு கார்டு அடிச்சா கொழகொழன்னு ஆயிடும், மூலசுரமும் அதோட ஐந்தாவது சுரமும் மட்டும் அடிச்சாதான் நறுக்குன்னு நிக்கும். அப்ப ரிஃப் எப்படி ஒலிக்கணும்னு முடிவு பண்ணது யாரு, பியானோவா ஆம்பா?

பழைய ரெக்கார்டு:
பியானோதான்.