புதுப்பிப்பு: தேசி இலையில் வெள்ளிக் கோடு போட்டவர்

திருகோணமலை, உப்புவெளியில் எங்கள் வீட்டுத் தேசிக் (எலுமிச்சை) கன்றின் இலைகளில் வெள்ளிக் கோடுகள் நெளிவதைப் படம் போட்டு, நத்தைத் தடமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நத்தை இல்லை; இலைத் தோலுக்குள் ஒரு புழு தின்றுகொண்டே போன சுரங்கம். கோடு முடிகிற இடத்தில் இலை ஓரம் மடிந்திருந்தது. அந்த இலையைப் போத்தலில் போட்டு மூடினேன். ஐந்தாம் நாள் ஒரு அந்துப்பூச்சி! அரிசியில் பாதிகூட இல்லை. வெள்ளை இறக்கை, நுனியில் கறுப்புப் புள்ளி.

பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. ஃபில்லோக்னிஸ்டிஸ் என்ற பேரினத்துக்கு 1848இல் பூச்சியியலாளர் செல்லர் பெயர் வைத்தார்; சிட்ரெல்லா என்ற இந்த இனத்தை 1856இல் இன்னொரு பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் விவரித்தார். முன்பு சிலர் இந்த வகைப் பூச்சிகளுக்குத் தனிக் குடும்பமே கொடுத்திருந்தார்கள். இப்போது கிராசிலாரிடே குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பம்.

இந்தப் பேரினத்தில் நூற்றுக்கு மேல் இனங்கள், பல பார்வைக்கு ஒரே அச்சு. இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எந்தச் செடியில் இருக்கிறது, சுரங்கம் எப்படிப் போகிறது, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, கூட்டைக் கிழிக்கக் கூட்டுப்புழு நெற்றியில் வைத்திருக்கும் முள், அப்புறம் டிஎன்ஏ என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். எனக்குத் தேசிக் கன்றே பாதி வேலையைச் செய்துவிட்டது.

மருந்து அடிக்கச் சொன்ன தம்பிக்கு: புழு இலைத் தோலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே அடிப்பது லேசில் படாது. கோடு விழுந்த இலைகளைக் கிள்ளிவிட்டேன், அவ்வளவுதான்.