பெலூசிட் மார்ஜினல் டீஜெனரேஷன்: ஸ்கிளீரல் லென்ஸ் கீழே முட்டுகிறது, உதவி தேவை

கருவிழியின் கீழ் ஓரம் மெலியும் நோய் இது. ஸ்கிளீரலில் (வெள்ளைவிழியில் உட்காரும் பெரிய கடின லென்ஸ்) நாலு டிரயல் மாற்றியும் வலது கண்ணில் சரியாக உட்காரவில்லை.

ஆண், 38 வயது, மதுரை. மூன்று வருடமாக சிலிண்டர் (ஆஸ்டிக்மாட்டிசம் பவர்) ஏறி இப்போது −7.50, ஆக்சிஸ் 90. கண்ணாடியில் 6/24. டோப்போகிராபியில் (கருவிழி வளைவின் வரைபடம்) நண்டுக்கொடுக்கு வடிவம். அதை மட்டும் வைத்து முடிவுசெய்யவில்லை, கீழே சரிந்த கெரட்டோகோனஸும் (கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோய்) அப்படியே காட்டும். ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கியில், கடிகார முகப்புக் கணக்கில் 4 மணியிலிருந்து 8 மணி வரை, லிம்பஸுக்கு (கருவிழி விளிம்பு) 1.5 மி.மீ. உள்ளே மெலிந்த பட்டை. புடைப்பு அதற்கு மேலே. ரத்தக்குழாய், கொழுப்புப் படிவு எதுவும் இல்லாததால் டெரியன் (ஓரம் மெலியும் இன்னொரு நோய்) இல்லை. வலி, சிவப்பு, புண் கிடையாது. தடிமன் நடுவில் 515 மைக்ரான், பட்டையில் 360.

சாஃப்ட் டோரிக்கில் பார்வை தேறவில்லை. ஆர்ஜிபி (கருவிழி மேல் உட்காரும் சிறிய கடின லென்ஸ்) கீழே நழுவி, சிமிட்டினால் வெளியே விழுந்தது. வழக்கமான கிராஸ்லிங்கிங்குக்கு (புற ஊதா ஒளியால் கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை) 400 மைக்ரான் தடிமன் வேண்டும், போதாததற்குப் பட்டை லிம்பஸை ஒட்டியே இருக்கிறது.

16.5 மி.மீ. ஸ்கிளீரல், டோரிக் ஹாப்டிக் (வெள்ளைவிழியில் படியும் ஓரம், திசைக்கேற்ப வளைவு மாறுவது): பார்வை 6/9. ஆனால் 4 மணி நேரம் கழித்து நடுவில் லென்ஸுக்கும் கருவிழிக்கும் 200 மைக்ரான் இடைவெளி இருக்க, புடைப்பில் தொட்டு ஃப்ளோரசின் (உரசிய இடத்தைக் காட்டும் சாயம்) கறை பிடிக்கிறது. சாஜிட்டை (லென்ஸின் குழி ஆழம்) 150 மைக்ரான் கூட்டினோம். தொடுவது நின்றது, நடுவில் 350 ஆகி மதியத்துக்குள் மூட்டம். கழற்றி சலைன் மாற்றினால்தான் தெளிகிறது. லென்ஸும் இன்னும் கீழே இறங்குகிறது.

கீழ்க் கால்பகுதியில் மட்டும் லிம்பல் கிளியரன்ஸ் (லிம்பஸ் மேல் விடும் இடைவெளி) கூட்டிய குவாட்ரன்ட் டிசைன், அல்லது 18 மி.மீ. விட்டம்: இந்தக் கண்ணுக்கு எதை முதலில் ஆர்டர் செய்வீர்கள்?