மரி-கயல்: பெண் குழந்தைக்குக் கோடு போட்ட இரட்டைப் பேரு வைக்கலாமா?

நெய்தல்:
பாரிஸ் பக்கம் இருக்கோம், புதுச்சேரி கத்தோலிக்கக் குடும்பம். அடுத்த மாசம் பொண்ணு பிறக்கப்போறா. மாமியார் வீட்டுப் பொண்ணுங்க எல்லாருமே மரி-தெரேஸ், மரி-ஜோசெஃபின்தான். எனக்குக் கயல்னு வைக்க ஆசை. நடுவுல கோடு போட்டு மரி-கயல்னு வச்சிடலாம்ங்கிறார் வீட்டுக்காரர். நீங்க என்ன சொல்றீங்க?

காரைக்காலான்:
வேண்டாங்க. கோடு போட்டா பிரெஞ்சுப் பதிவுல அது ஒரே பேரு. ரெண்டையும் தனித்தனியா பதிஞ்சா, அதுல எதை வேணும்னாலும் கூப்பிடற பேரா வச்சிக்க சிவில் சட்டம் 57-ஆம் பிரிவு இடம் கொடுக்குது. நாளைக்கு "நான் வெறும் கயல்"னு பொண்ணு சொன்னா ஒரு சிக்கலும் இல்லை. கோடு இருந்தா பேரு மாத்த மனு போடணும். 2016-லேர்ந்து அதை நகராட்சியிலேயே கொடுக்கலாம், ஆனாலும் நியாயமான காரணம் காட்டியாகணும். பெரியவங்க பஞ்சாயத்தைக் குழந்தை தலையில ஏன் கட்டறீங்க?

செர்ஜி அம்மா:
தம்பி, இதுல பஞ்சாயத்து எங்கேர்ந்து வந்துது? முத்துலட்சுமி, சிவகாமசுந்தரின்னு நாமளும் ரெண்டைச் சேர்த்து வைக்கிறவங்கதானே. என் பொண்ணு ஆன்-யாழினி. பள்ளிக்கூடத்துல முழுசாத்தான் கூப்பிடறாங்க. ழான்-பியேரை இங்க யாரும் வெறும் ழான்னு சுருக்கறதில்லை. தனித்தனியா பதிஞ்சா ரெண்டாவது பேரு காகிதத்தோட நின்னுடும். என் தம்பி மகளுக்குத் தமிழ்ப் பேரு ரெண்டாவதாப் போச்சு. அவளுக்கு அப்படி ஒரு பேரு இருக்கறதே கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாது. எனக்கு அது இன்னும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

காரைக்காலான்:
அப்போ தமிழ்ப் பேரை முதல்ல போடுங்க அக்கா! கயல் முன்னாடி, மரி பின்னாடி. பயணத்தையும் யோசிங்க. விமான டிக்கெட்டுல பெரும்பாலும் கோடு ஏறாது, "மரிகயல்"னு ஒட்டி அடிச்சிடுவாங்க. பாஸ்போர்ட்ல கீழே கருவி படிக்கிற வரியிலயும் கோடு வராது.

செர்ஜி அம்மா:
ஊருக்குப் போறப்பெல்லாம் எங்களுக்கும் ஒட்டித்தான் வருது. கவுன்டர்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வில்லியனூர்:
பதிவுல கயல், கோயில்ல மரி. ஞானஸ்நானப் பேரு வேற, கூப்பிடற பேரு வேறன்னு நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல இருக்கே. திருச்சபைச் சட்டம் 855 கேட்கறதெல்லாம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பேரா இருக்கக் கூடாதுங்கிறதுதான். புனிதர் பேருதான் வேணும்னு அதுல இல்லை.

நெய்தல்:
அத்தைக்கு அது போதாது அண்ணா. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தினமும் யாரு திறந்து பார்க்கறாங்க, பேத்தியை எல்லாரும் மரின்னு கூப்பிட்டு என் காதால கேட்கணும்ங்கிறாங்க. அவங்க ஆசையையும் தள்ள முடியலை. பிறந்த 5 நாளுக்குள்ள பதியணும், அதனால இப்பவே முடிவு பண்ணணும். கயல்-மரின்னு திருப்பிப் போட்டா எப்படி இருக்கும்?

காரைக்காலான்:
முன்னாடி கயல் வந்தது சரி. கோடு மட்டும் வேண்டாம்.

செர்ஜி அம்மா:
ஆன்-மரி, ரோஸ்-மரின்னு மரி பின்னாடி வர்றதும் இங்க பழகின பேருதான். கயல்-மரி வாய்க்கு நல்லா வருதும்மா. கோட்டோடயே வை.