கற்சிலைமடுவைத் தாண்டிப் போகிற வான்களை எப்படி நிறுத்துவது?

கூழாமுறிப்பான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம், வயது 26. வன்னியின் பழைய இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற வேலை ஒன்றைத் தொடங்கலாம் என்று நாங்கள் ஐந்து பேர் இரண்டு மாதமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கையில் இருப்பது இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும்தான்.

இந்த எண்ணம் வந்த கதையைச் சொல்கிறேன். போன வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த வான் ஒன்று ரயர் காற்றுப் போய் எங்கள் கடைக்கு முன்னால் நின்றது. கொழும்புக் குடும்பம், பதினான்கு பேர். பத்து வயது மதிக்கத்தக்க பெடியன் ஒருவன் தகப்பனிடம் "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டான். "ஒன்றும் இல்லை, காடுதான்" என்றார் அவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தகப்பனிடம் கேட்டுவிட்டு, அவரையும் பெடியனையும் ஓட்டோவில் ஏற்றிக் கற்சிலைமடுவுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் சண்டை செய்த இடம் அது. வெள்ளைக்காரன் அங்கே நட்ட கல்லில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? இந்த இடத்துக்கு அருகில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. அந்தப் பழைய கல்லைப் போருக்குப் பிறகு யாரோ உடைத்துப் போட்டார்கள், அது வேறு கதை. நான் பெடியனுக்கு அந்த வரியைச் சொல்லிவிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஓகஸ்ட் 25ஆம் திகதி, அதே டிரிபேர்க்கை முல்லைத்தீவிலிருந்து ஓட வைத்துப் பீரங்கிகளையும் பிடித்தவர் பண்டாரவன்னியன் என்று சொன்னேன். "அப்ப அதை ஏன் கல்லில எழுதேல்ல?" என்று கேட்டான். வென்றவன் நட்ட கல்லடா என்றேன். வானுக்குத் திரும்பி வரும் வரைக்கும் அவன் கேள்வியை நிறுத்தவே இல்லை.

சரி, என் கேள்வி இதுதான். எங்கிருந்து தொடங்குவது? அனுமதி எடுக்க வேண்டுமா? இடங்கள் ஒன்றுக்கொன்று தூரம், நடுவில் சாப்பாட்டுக் கடைகூட இல்லை. போர் நடந்த இடங்களைக் காட்டுவதா விடுவதா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முள்ளியவளை வாத்தியார்:

தம்பி, நல்ல காரியம். ஆனால் இடங்களின் பட்டியலை முதலில் எழுதாதீர்கள். நாட்களின் பட்டியலை எழுதுங்கள். எங்கள் பக்கம் பெரிய கட்டடம் என்று காட்ட அதிகம் இல்லை, இருப்பது நாளோடும் ஆளோடும் சேர்ந்தது. வற்றாப்பளையையே எடுங்கள். வருகிற சனம் திங்கட்கிழமை வந்து, கும்பிட்டு, நேர்த்தியை முடித்துக்கொண்டு விடிய முன்னம் போய்விடும். ஆனால் பொங்கல் அந்த ஒரு நாள் இல்லையே. பாக்குத்தெண்டல் என்ற முதல் சடங்கோடு தொடங்குகிறது. ஒரு கிழமைக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துக் காட்டாவிநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்தக் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிறார்கள். எண்ணெய் இல்லை, உப்புத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை அங்கே பொங்கல், அடுத்த நாள் அம்மன் கோயிலில். தீர்த்தக்குடம் வருகிற வழியில் சனம் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்துக்கொண்டு நிற்கும். நான் சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது, பறைச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அம்மா கதையை நிறுத்திவிடுவார். வெளியூர்க்காரரை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்துங்கள், ஊர்ச் சனத்தோடு ஒருவராக. அதற்குப் பிறகு, மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாப்பளை வற்றாப்பளை ஆனது என்று சொன்னால் அந்தக் கதை மனதில் நிற்கும்.

உங்கள் ஒட்டுசுட்டானுக்குப் பெயர் வந்த கதையே எத்தனை பேருக்குத் தெரியும்? குரக்கன் அறுத்த பிறகு நிற்கிற தாளுக்குத்தான் ஒட்டு என்று பெயர். அந்த ஒட்டைச் சுட்டபோது தானாகத் தோன்றியிருந்த லிங்கத்தைக் கண்டதாகக் கதை, அதனால் தான்தோன்றீஸ்வரர். ஒரு பிடி குரக்கன் தாளைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

கூத்தை மறக்காதீர்கள். கோவலன் கூத்துக்கு எங்களிடம் முல்லைமோடி என்று தனி ஆட்டமும் மெட்டும் இருக்கிறது. அதை முழுதாகத் தெரிந்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் வயது போனவர்கள். ஆறு மணித்தியாலக் கூத்தை வெளியார் இருந்து பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து அரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி மேடையில் போடும் பழக்கம் வந்துவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒத்திகைக்குக் கூட்டிப்போங்கள். அண்ணாவியார் ஒரு பெடியனுக்குத் தாளம் தப்பினதைத் திருத்துகிறதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு இணை இல்லை.

ஏ9 வான்காரன்:

மாஸ்டர் சொன்னது சரி, ஆனால் தம்பி கேட்டது சாப்பாடும் அனுமதியும். அதை நான் சொல்கிறேன், பதினொரு வருடமாக வான் ஓடுகிறேன்.

தெற்கிலிருந்து வருகிற ஆட்களின் கணக்கு இதுதான். வவுனியாவில் காலைச் சாப்பாடு, ஆனையிறவில் படம், யாழ்ப்பாணத்தில் மத்தியானம். நடுவில் இருக்கிற வன்னி அவர்களுக்கு கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற பற்றைக்காடு. மாங்குளத்தில் முல்லைத்தீவுக்கு வலது பக்கம் திரும்ப வைக்க வேண்டும் என்றால் திரும்பினால் என்ன கிடைக்கும் என்று முதலே சொல்ல வேண்டும். என் வானில் வருகிற பெண்கள் முதலில் கேட்பது "கழிப்பறை எங்கே தம்பி". இடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது இல்லாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள். ஊரில் ஒரு வீட்டைப் பேசுங்கள், துப்புரவாக இருக்கட்டும், அந்த வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடும். குத்தரிசிச் சோறு, நந்திக்கடல் இறால், முருங்கையிலைச் சுண்டல், முட்டியில் தயிர், போதும். கோழிப் பிரியாணியும் சோடாவும் எங்கும் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் போடாதீர்கள். போன வருடம் ஒரு குழு எட்டு இடம் எழுதிக்கொண்டு வந்தது, ஐந்தாவது இடத்தில் ஒருவரும் வானை விட்டு இறங்கவில்லை, ஏசி போட்டுவிட்டு நித்திரை. வெயில் காலத்தில் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் யாரையும் வெளியில் நிறுத்தக் கூடாது. மாரியில் உள் றோட்டுகள் சில இடங்களில் கரைந்து போகும். கூகுள் மேப்பை நம்பி ஒரு முறை குளக்கட்டின் மேல் ஏறி, திருப்ப இடமில்லாமல் முக்கால் கிலோமீற்றர் பின்னுக்கே ஓட்டி வந்தேன். நீங்கள் ஐந்து பேரும் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் சுற்றி ஒவ்வொரு இடத்துக்கும் சரியான பாதையை மேப்பில் திருத்திப் போட்டாலே பெரிய உதவி, அதற்குக் காசு தேவையில்லை.

அனுமதி பற்றி: காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நாடு முழுவதுக்கும் உள்ளது தவிர, ஒரு பகுதிக்கு மட்டும், ஒரு இடத்துக்கு மட்டும் என்றும் தருகிறார்கள். கோயில் என்றால் பரிபாலன சபையிடம் போய் முதலே கதையுங்கள்.

பாலாவிக்கரை:

நான் மன்னார்ப் பக்கம், இரண்டு அறையை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். திருக்கேதீச்சரத்துக்கு வருகிற ஆட்கள், ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வருகிற ஆட்கள், பிறகு வங்காலையில் பறவை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர். 2015 ஜனவரியில் பாப்பரசர் மடுவுக்கு வந்தபோது இந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. அடுத்த மாதம் பழையபடி. இதில் நான் படித்தது, ஒரு பெரிய நாளை நம்பி வீட்டைக் கட்டக் கூடாது, சிறு சிறு ஆட்களாக வருடம் முழுக்க வர வேண்டும்.

தம்பி, காசுக் கணக்கை முதல் நாளே எழுதி வையுங்கள். தொடக்கத்தில் ஒரு முகவர் எங்களுக்கு ஆட்களை அனுப்பினார். வந்தவர்களிடம் அவர் வாங்கினது எவ்வளவு என்று பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு வந்தது அதில் காற்பங்குகூட இல்லை, அதுவும் மூன்று மாதம் கழித்து. சமைத்தது என் மாமி, நண்டு பிடித்துக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அண்ணை. இப்போது வருகிறவர்களுக்கே சொல்கிறோம், இந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, இது இன்னாருக்குப் போகிறது என்று. ஒருவரும் பேரம் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்கும் ஒரு நாள் வாருங்கள். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டின டொரிக் மாளிகை கடலோரத்தில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் சரியில்லை, கடல் கரையை அரித்து அரித்துக் கட்டடம் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சாய்ந்து நின்று படம் எடுத்த சுவர் இப்போது இல்லை, செங்கல் கட்டியாக மணலில் கிடக்கிறது. சனம் வந்து பார்த்தால்தான் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறதுக்கும் ஆள் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், போர்த்துக்கேயர் இடித்த கோயில் என்பதெல்லாம் எந்தப் பலகையிலும் இருக்கும். சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் அள்ளிக் கொண்டுபோய் எவரும் தன் கையாலேயே லிங்கத்துக்கு ஊற்றலாம் என்பதைக் கேட்டுத்தான் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறது.

தண்ணிமுறிப்பு:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள், நான் பயத்தையும் எழுத வேண்டும். குருந்தூர்மலைக்கு நாங்கள் ஆதி ஐயனாருக்குப் பொங்கப் போகிற இடம் என்றுதான் போய்வந்தோம். 2021இல் அது பழைய பௌத்த இடம் என்று தொல்பொருள் திணைக்களம் அங்கே அகழ்வு தொடங்கியதிலிருந்து வழக்கும் பொலிஸும்தான். வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில் 2024 சிவராத்திரியன்று கும்பிடப் போனவர்களைக் கைது செய்தார்கள். ஒரு இடத்தைப் பெரிதாக வெளியில் காட்டினால் அதன் கதையை வேறு ஒருவர் எழுதிவிடுவாரோ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அது நியாயமான பயம்.

ஆனாலும் மூடி வைப்பது சரியென்று எனக்கு இப்போது படவில்லை. சொல்லாத கதைக்குச் சாட்சி இல்லை. அதனால், காட்டுவதற்கு முன் பதியுங்கள். ஒவ்வொரு இடத்தையும் திகதி போட்டுப் படம் எடுங்கள், யார் யார் எப்போதிருந்து கும்பிடுகிறார்கள் என்று பெரியவர்களின் வாயாலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள், பிரதி ஒன்றைப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிடம் கொடுங்கள். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரையில் யாழ் பல்கலைக்கழகம் தோண்டி எடுத்த சுடுமண் உருவங்கள் ஐயனார் வழிபாடு அங்கே எவ்வளவு பழையது என்று பேச வைத்தன. அதேநேரம் நீங்கள் ஒரு கல்லையும் புரட்டாதீர்கள், ஒரு பானை ஓட்டுத் துண்டையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் குற்றம்.

போர் நடந்த இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முள்ளிவாய்க்காலைப் பயணத் திட்டத்தில் போடாதீர்கள். போர் முடிந்த புதிதில் கரையில் தரைதட்டிக் கிடந்த கப்பலுக்கு முன்னால் பஸ் பஸ்ஸாக வந்து சிரித்துக்கொண்டு படம் எடுத்ததைப் பார்த்தவள் நான். என் அக்காவை அந்த மண்ணில்தான் விட்டுவிட்டு வந்தோம். யாராவது தாங்களாகக் கேட்டால் கூட்டிப்போங்கள், பூ ஒன்று வைக்கட்டும், காசு வாங்க வேண்டாம்.

கூழாமுறிப்பான்:

எல்லோருக்கும் நன்றி. தண்ணிமுறிப்பு அக்கா, நீங்கள் எழுதியதை நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக இருந்து வாசித்தோம், அந்த இடத்தைப் பற்றி இனி எங்களுக்குள் விவாதம் இல்லை.

முடிவு செய்தது இவ்வளவுதான். இப்போதைக்கு ஒரே ஒரு பாதை. காலை ஒட்டுசுட்டான் கோயில், பிறகு கற்சிலைமடு, என் சின்னம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு (கழிப்பறைக்கு இந்தக் கிழமை ஓடு பதிக்கிறோம் அண்ணை), வெயில் தாழ வற்றாப்பளையும் நந்திக்கடல் கரையும். பாலைப்பழக் காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சிரட்டைப் பழம், பால் உதட்டில் ஒட்டும் என்று சொல்லித்தான் கொடுப்போம். காசு யாருக்கு எவ்வளவு என்று பாலாவிக்கரை அக்கா சொன்னபடி ஒரு மட்டையில் எழுதிச் சின்னம்மா வீட்டு விறாந்தையில் தொங்கவிடப் போகிறோம்.

வாத்தியார் ஐயா, வருகிற ஞாயிறு உங்களிடம் வரலாமா? பாக்குத்தெண்டலிலிருந்து முழுவதையும் உங்கள் வாயால் கேட்டுப் பதிய வேண்டும்.

முள்ளியவளை வாத்தியார்:

வாருங்கள் தம்பி. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் வயலில் நிற்பேன். போனில் பதிந்தாலும் ஒரு கொப்பியும் கொண்டுவாருங்கள். பக்கத்து வளவில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு ஆச்சி இருக்கிறார், தீர்த்தம் எடுக்கிற நாளில் பாடுகிற பாட்டு எனக்குப் பாதிதான் தெரியும், அவருக்கு முழுவதும் தெரியும். காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் இருந்து உரத்துக் கேட்க வேண்டும்.